15 லட்சம் கையில்: பழைய ஆடி டிடியா, புது ஐ20 என் லைனா?

தகடூரான்
எல்லோருக்கும் வணக்கம். ஊர் தர்மபுரி, இலக்கியம்பட்டி பக்கம். வேலை ஓசூர் சிப்காட்டில். வாரம் முழுக்க அங்கே ரூம், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு. போக வர 190 கிலோமீட்டர் பக்கம், முக்கால்வாசி என்எச் 44. ஆறு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்தது 15 லட்சம். வரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் இதற்குள்ளேயே முடிய வேண்டும். லோன் போட மாட்டேன்.

பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே ஆசை ஒன்றுதான். இரண்டு கதவு, தாழ்வான இருக்கை, பின்னால் சரிந்து இறங்குகிற கூரை. கூபே என்பார்களே, அது. பெங்களூரில் ஒருவர் 2011 மாடல் ஆடி டிடி விற்கிறார். 2.0 டர்போ பெட்ரோல், 211 எச்பி, நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற குவாட்ரோ. கேஏ நம்பர், மூன்றாவது ஓனர், மீட்டரில் 58,000. கேட்பது 13.5 லட்சம்.

இன்னொரு பக்கம் புது ஹூண்டாய் ஐ20 என் லைன், மேனுவல், 120 எச்பி. ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கிங்கில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அம்மா டிடி போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பார்க்கப் போறப்ப நானும் உங்கப்பனும் டிக்கியிலயாடா உட்கார்றது?" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பைசாக்கணக்கு
கிருஷ்ணகிரியிலிருந்து. 13.5 வெறும் அட்வான்ஸ் தம்பி. மீதியை ஆர்டிஓ ஆபீசிலும் பட்டறையிலும் தவணை தவணையாகக் கட்டுவீர்கள்.

கேஏ வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் டிஎன் நம்பர் வாங்கியே ஆக வேண்டும், சட்டம் அப்படி. அங்கிருந்து படிவம் 28-ல் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, அப்புறம் இங்கே ஆயுள் வரி. அந்த வரி நீங்கள் கொடுக்கிற 13.5-க்கு இல்லை. கார் புதிதாக விற்ற விலையை வைத்து, வயதுக்குத் தக்கபடி குறைத்துப் போடுவார்கள். டிடி அன்றைக்கு 40 லட்சத்துக்கு மேல் விற்ற கார். கட்டிய பிறகு கர்நாடகாவில் பழைய ஓனர் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கு நடக்கிற நடையில் செருப்பு இரண்டு ஜோடி தேயும்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். 2011 வண்டிக்கு 2026-ல் 15 வருடம் முடிகிறது. எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். உள்ளூர் காருக்குக் கட்டணம் 5,000. இறக்குமதிக் காருக்கு 40,000. மேலே பசுமை வரி. புதுப்பித்தாலும் 5 வருடத்துக்குத்தான்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் பாருங்கள்: 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய், 1000 சிசிக்குக் கீழ் 2,094. ஐ20 என் லைன் 998 சிசி.

புதுசு வாங்குங்கள். 2025 செப்டம்பரிலிருந்து நான்கு மீட்டருக்குள் இருக்கிற சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். ஒரே எச்சரிக்கை: எக்ஸ் ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் நம் மாநிலச் சாலை வரி 13-லிருந்து 18 சதவீதமாகி விடும். அந்த ஒரு கோட்டைத் தாண்ட 50,000 ரூபாய். சன்ரூஃபுக்காகத் தாண்டாதீர்கள், வெயில் நம் ஊரில் இலவசம்.

கொண்டைஊசி
பைசா அண்ணா கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்று: தேய்மானம். 12 லட்சத்துக்குப் புதுக் கார் எடுத்தால் மூன்று வருடத்தில் எவ்வளவு போகும் என்று அவரையே கேளுங்கள். டிடி விலை ஏற்கெனவே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஒழுங்காக வைத்திருந்தால் 13-க்கு வாங்கியதை 11-க்காவது தள்ளலாம்.

நான் பர்கூர்க்காரன், வேலை பெங்களூரில். பழைய இரண்டு கதவு கார் நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது, எது என்று சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி இறங்குவேன். ரோட்டில் ஒரு பால் வண்டி, இரண்டு நாய், அவ்வளவுதான். மூன்றாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து வெளியே வரும்போது பின் சக்கரம் தள்ளுகிறது முதுகில் தெரியும். அது முன்சக்கரம் இழுக்கிற 120 எச்பி காரில் கிடைக்காது. ஐ20 நல்ல கார். ஆனால் அது வேகமான குடும்பக் கார், கூபே இல்லை.

நம் நாட்டில் புதிதாக வாங்கக் கூடிய விலையில் கூபே என்று ஒன்று கிடையவே கிடையாது. டொயோட்டா 86 இங்கே விற்கவே இல்லை. ஜப்பானிலிருந்து பழையது இறக்கலாம் என்றால், மூன்று வருடத்துக்கு மேல் ஆன காரை இறக்குமதி செய்ய விட மாட்டார்கள். ஆக, 15 லட்சத்தில் கூபே என்றாலே உள்நாட்டில் ஓடிய பழசுதான். தகடூரான் கேட்டது கூபே. அதற்கு பதில் சொல்லுங்கள்.

பைசாக்கணக்கு
அஞ்செட்டி ரோட்டில் விடியற்காலை யானையும் வரும். அதற்கு குவாட்ரோ தெரியாது.

மாங்கூழ்மாமா
கூபே என்றால் பிரெஞ்சில் 'வெட்டியது' என்று அர்த்தமாம். குதிரை வண்டியின் ஒரு பாதியை வெட்டிக் குட்டையாக்கினதால் வந்த பெயர். வெட்டிச் செலவு என்று நாம் சொல்வதும் அதுவாகத்தான் இருக்கும். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை அறைக்கும் கூபே என்றுதான் பெயர். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் அதில் டிக்கெட் போடட்டும், போதும்.

கிண்டல் இருக்கட்டும். எனக்கும் அந்த வயதில் அந்தக் கிறுக்கு இருந்தது. கோவாவில் சான் ஸ்டார்ம் என்று இரண்டு பேர் உட்காருகிற குட்டிக் கார் தயாரித்தார்கள், 1.2 லிட்டர் இன்ஜின், ஃபைபர் பாடி. வாங்கப் போய், மாங்காய் சீசனில் பணம் முடங்கி, கடைசியில் டெம்போ வாங்கினேன். அந்த டெம்போதான் என் தொழிலை நிலைநிறுத்தியது. ஆனாலும் அந்தக் காரின் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் ஓட்டு: கொஞ்சம் பொறுத்து ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.5, 150 எச்பி, மேனுவல் கியரிலேயே வருகிறது. இப்போது பட்ஜெட்டில் அடங்காது. இரண்டு வருடம் ஓடிய ஒன்றைத் தேடுங்கள். அம்மா அப்பா பின்னால் உட்காரலாம், தொப்பூர் ஏற்றத்தில் லாரியைத் தாண்ட ஐந்தாவது கியரிலிருந்து இறங்க வேண்டாம்.

கொண்டைஊசி
மாமா, நான்கு கதவு செடான் சொல்லிவிட்டீர்கள். இனி யாராவது 'கூபே எஸ்யூவி' என்று சிட்ரோயன் பாசால்ட்டையும் டாடா கர்வையும் கொண்டுவருவதற்குள் முந்திக்கொள்கிறேன்: கூரையைச் சரித்தால் கூபே ஆகாது. கோழிக்குக் கொண்டை வைத்தால் மயில் ஆகுமா?

ஸ்பேனர்13
ஓசூரில் பட்டறை. இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன், கட்சி இல்லை.

போன வருடம் ஒருவர் 12 வருட வெளிநாட்டுக் காரை என்னிடம் விட்டார். கம்பெனி பெயர் வேண்டாம். கியர்பாக்ஸ் வால்வ் யூனிட் போயிற்று. பாகம் வர 41 நாள். அத்தனை நாளும் வண்டி என் ஷெட் வாசலில், மேலே காக்கை எச்சம், அவர் பஸ்ஸில். பில் பார்த்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். இதை வைத்து எல்லாப் பழசும் மோசம் என்று சொல்ல மாட்டேன். அவர் வாங்கும்போது எவரையும் அழைத்துப் போகவில்லை, தப்பு அங்கேதான்.

தகடூரான் தம்பி, டிடியைப் பார்க்கப் போனால் இதைச் செய்யுங்கள். இன்ஜினை முன்கூட்டி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அந்த ஆளுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது. ஜில்லென்று இருக்கிற இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் இரண்டு மூன்று நொடி காதைக் கொடுங்கள். சங்கிலி உரசுகிற கறகற சத்தம் வந்தால், இன்ஜின் சங்கிலியை இழுத்துப் பிடிக்கிற டைமிங் செயின் டென்ஷனர் போயிற்று என்று அர்த்தம். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்புகிற ஹால்டெக்ஸ் கப்ளிங்குக்குத் தனி ஆயில் உண்டு. பெரும்பாலானவர்கள் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்: வாரம், வருடம். நான்கும் ஒரே சமயம் மாற்றியதா என்று தெரியும். அப்புறம் சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள், அடியில் தயாரித்த தேதி லேபிள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

பைசாக்கணக்கு
பார்த்தீர்களா, ஒரு கார் வாங்க இவ்வளவு துப்பறிய வேண்டியிருக்கிறது. ஷோரூமில் சாவியும் லட்டும் கொடுப்பார்கள்.

கொண்டைஊசி
லட்டு சாப்பிட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து மாடல் பழசாகிவிட்டது என்று விற்பார்கள். பெண் பார்க்கப் போனால் ஜாதகம் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

தகடூரான்
நேற்று போய் வந்தேன். ஸ்பேனர் அண்ணா சொன்னபடி ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கே போய் நின்றேன். பானட் ஜில்லென்று இருந்தது. கார் அப்படியொரு அழகு, சாம்பல் நிறம். கதவைத் திறந்து உட்கார்ந்தால் ரோடு இடுப்பளவில் தெரிகிறது. ஐந்து நிமிடம் எதுவும் பேசவில்லை நான்.

சத்தம் சுத்தம். டயர் நான்கும் 2022. கையோடு ஒரு காந்தம் கொண்டுபோயிருந்தேன். பானட்டில் ஒட்டவில்லை! முன் மட்கார்டிலும் ஒட்டவில்லை, கூரையிலும் ஒட்டவில்லை. அடிபட்டதை மறைக்க முழுக்கப் பட்டி பூசியிருக்கிறார்களா?

ஸ்பேனர்13
பதறாதீர்கள். அந்த மாடலில் பானட், முன் மட்கார்டு, கூரை எல்லாம் அலுமினியம். காந்தம் ஒட்டாது. அதனால்தான் அடிபட்டால் நம் ஊர் டிங்கரிடம் கொடுக்க முடியாது, அலுமினியத்தைத் தகரம் மாதிரி தட்டி நிமிர்த்தினால் வெடித்துவிடும். கதவும் டிக்கி மூடியும் இரும்பு. அங்கே ஒட்டியதா?

தகடூரான்
டிக்கியில் ஒட்டியது. வலது கதவில் ஒட்டியது. இடது கதவில் மேலே ஒட்டியது, கீழே ஒரு சாண் அளவுக்கு வழுக்கிக்கொண்டு விழுந்தது.

ஸ்பேனர்13
பெல்ட் லேபிள்?

தகடூரான்
வலது பக்கம் 2010. இடது பக்கம் 2016. அப்போது இதற்கு அர்த்தம் தெரியாமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஸ்பேனர்13
இடது பக்கம் பலமாக அடிபட்டு ஏர்பேக் வெடித்திருக்கும். வெடித்தால் பெல்ட்டின் இழுவை யூனிட்டும் சேர்ந்து போகும், அதனால்தான் புது பெல்ட். காரின் பக்கச் சட்டகத்தை எப்படி நிமிர்த்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. விடுங்கள் தம்பி.

பைசாக்கணக்கு
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொண்டைஊசி
சொல்லாமலே சொல்லிவிட்டீர்கள் அண்ணா. சரி, இந்த வண்டி வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். அதனால் ஐ20 ஜெயித்துவிட்டது என்று ஆகாது. கோயம்புத்தூரில் 2013 டிடி ஒன்று இருக்கிறது. டிஎன் நம்பர், ஒரே ஓனர், டாக்டர். ஆயுள் வரி இங்கேயே கட்டியாயிற்று, என்ஓசி தொல்லை கிடையாது, ஆர்சி 2028 வரை. கேட்பது 15. பைசா அண்ணாவின் முதல் பத்தி முழுக்க அடிபட்டுப் போயிற்று.

பைசாக்கணக்கு
15 கொடுத்துவிட்டால் பட்ஜெட்டில் மீதி பூஜ்யம். பெயர் மாற்றக் கட்டணமும் இன்சூரன்ஸும் யார் கொடுப்பார்கள், டாக்டரா? இன்சூரன்ஸில் கிளைம் கேட்காததற்குக் கிடைக்கிற தள்ளுபடி, அந்த நோ கிளைம் போனஸையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அது ஆளோடு போகிறது, காரோடு வராது. 12.5-க்கு மேல் ஒரு ரூபாய் ஏறக் கூடாது. இரண்டரை லட்சத்தைத் தனியாகப் பேங்கில் போட்டு, அந்தக் காரின் பெயரிலேயே வைக்க வேண்டும். அதைத் தொடாமல் இருக்க முடியும் என்றால் போய்ப் பாருங்கள், முடியாது என்றால் ஐ20.

மாங்கூழ்மாமா
பைசா இறங்கி வந்துவிட்டாரே!

பைசாக்கணக்கு
இறங்கவில்லை மாமா. வாங்கக் கூடாது என்றுதான் இன்னமும் சொல்கிறேன். எப்படியும் வாங்கப் போகிறான் என்றால் விலையாவது ஒழுங்காக இருக்கட்டும் என்கிறேன்.

தகடூரான்
அம்மாவிடம் கோயம்புத்தூர் விஷயத்தைச் சொன்னேன். "அதுலயும் ரெண்டு கதவுதானே?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பஸ்லயே போய்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கோபமா சம்மதமா தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறேன். ஸ்பேனர் அண்ணா வருகிறேன் என்றிருக்கிறார். டாக்டரிடம் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

பைசாக்கணக்கு
எத்தனை மணிக்கு? கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நிற்கிறேன், என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். விலை பேச உங்கள் இரண்டு பேரையும் நம்ப முடியாது.