மகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கொரோனாவால் மூடியிருந்த பள்ளியை அடுத்த வாரம் திறக்கிறார்கள். பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். மகள் மூன்றாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துக் கிடக்கிறாள், பேச்சே குறைந்துவிட்டது. அதைப் பார்த்தால் உடனே அனுப்பிவிடத் தோன்றுகிறது. ஆனால் வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார் இருக்கிறார். கொரோனா குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போனாலும், வயதானவர்களை அப்படி விடுவதில்லையே. காற்றில் பரவும் நோய் என்பதால், மேசையைத் துடைப்பதைவிட வகுப்பறை ஜன்னல்கள் திறந்திருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடும் நேரத்தை நினைத்தால்தான் பயம்.

ஏற்கெனவே அனுப்புகிறவர்கள் சொல்லுங்கள்: சாப்பாட்டு இடைவேளையை எப்படி நடத்துகிறார்கள்? பிள்ளை திரும்பி வந்ததும் வீட்டுப் பெரியவர்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.