டயாலிசிஸ் யூனிட்டுக்குப் புதுசா வர்றவங்களோட சீனியர் எத்தனை நாள் கூட நிக்கணும்?

கேள்வி: பொறுப்பு_நர்ஸ் (தருமபுரி)

வணக்கம். ஆறு மெஷின் உள்ள யூனிட். அடுத்த மாசம் ஒரு டெக்னீஷியனும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும் புதுசா சேர்றாங்க. படிப்பு முடிச்சவங்கதான், ஆனா ஃபிஸ்துலாவுல (டயாலிசிஸுக்காகக் கையில தமனியையும் சிரையையும் தைச்சு இணைச்ச ரத்தக்குழாய்) தனியா ஊசி போட்டதில்லை. சீனியர் டெக்னீஷியன் ஒருத்தர்தான் இருக்கார். செக்லிஸ்ட்டைக் கையில கொடுத்து ஒரு வாரத்துல ஷிஃப்ட்ல விட்டுடலாம்னு நிர்வாகம் சொல்லுது. அது போதுமா? போதாதுன்னா எதை முதல்ல சொல்லிக் கொடுக்கணும், எப்போ தனியா விடலாம்?

பதில் 1: ஊசிக்கை

போதாது சிஸ்டர். பிரைமிங் (லைன்ல சலைன் ஓட்டிக் காத்தை வெளியேத்துறது), லைன் மாட்டுறது, அலாரத்துக்கு அர்த்தம் இதெல்லாம் ஒரு வாரத்துல வந்துடும். ஃபிஸ்துலா அப்படி வராது. அது விரல்ல இருக்கிற அறிவு, பக்கத்துல ஒருத்தர் நின்னு கையைப் பிடிச்சுச் சொன்னாத்தான் வரும்.

முதல் பத்து நாள் ஊசியே கொடுக்காதீங்க. ஒவ்வொரு நோயாளியோட கையையும் தொட்டுப் பார்த்து, ஸ்டெத் வெச்சுக் கேட்டு, என்ன தெரிஞ்சுதுன்னு சீனியர்கிட்ட சொல்லட்டும். அதே கையை சீனியரும் தொட்டுப் பார்த்து ஒப்பிடணும். விரலுக்கு அடியில அதிர்வு இருந்தா சரி. அதிர்வு இல்லாம நாடி மாதிரி 'திம் திம்'னு மட்டும் அடிச்சா மேலே எங்கேயோ அடைப்பு இருக்கலாம். அதிர்வும் இல்லை, சத்தமும் இல்லைன்னா ஊசியே போடக்கூடாது, உடனே டாக்டருக்குச் சொல்லணும்.

அடுத்து, நல்லா முதிர்ந்த, தடிமனான ஃபிஸ்துலாவுல மட்டும் ஊசி கொடுங்க. டூர்னிக்கே (கையைச் சுத்திக் கட்டுற பட்டை) கட்டாயம். ஊசியோட சாய்வு 25 டிகிரி பக்கம். ஆர்டீரியல் ஊசி (ரத்தத்தை மெஷினுக்கு எடுக்கிறது), தையல் போட்ட இடத்துல இருந்து குறைஞ்சது 3 செ.மீ. தள்ளி இருக்கணும், ரெண்டு ஊசி முனைக்கும் நடுவுல 5 செ.மீ. பழைய ஓட்டை பக்கத்துலயே குத்துறது சுலபம், வலியும் குறைவு. அதனாலேயே புதுசா வர்றவங்க அங்கேயே போவாங்க. அங்கேதான் நாளாக ஆக தோல் மெலிஞ்சு புடைச்சுக்கும். இடம் மாத்தி மாத்தி ஏணிப்படி போல போடச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கையோட படம் வரைஞ்சு குறிக்க வைங்க.

புது ஃபிஸ்துலாவை முதல் ஆறு மாசத்துக்கு இவங்ககிட்ட விடவே கூடாது. அதுக்கு மெல்லிசான 17 கேஜ் ஊசி, பம்ப் நிமிஷத்துக்கு 200–250 மி.லி.தான். ஊசி பின்சுவரைத் துளைச்சு ரத்தம் உள்ளே பரவினா, பல வாரம் காத்திருந்த கை ஒரே நாள்ல வீணாகலாம்.

நாள் கணக்கை விட எண்ணிக்கை மேல். தொடர்ந்து 25 ஊசி, சீனியர் கை வைக்காம, வீக்கம் இல்லாம போட்டுட்டாங்களா? அப்போ விடுங்க. 24-வதுல தவறினா மறுபடி ஒண்ணுல இருந்து. என் கருத்து இது, கறாரா இருந்தாத்தான் நல்லது.

பதில் 2: ஆர்.ஓ. ரூம்

எல்லாரும் ஊசியைச் சொல்வாங்க, தண்ணியை மறந்துடுவாங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி நீர்ல ஃப்ளூரைடு அதிகம், அதனால நமக்கு அது பெரிய தப்பு.

நிமிஷத்துக்கு 500 மி.லி. வீதம் நாலு மணி நேரத்துல ஒரு நோயாளியோட ரத்தத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கமா, 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுது. குடிதண்ணியில ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. வரைக்கும் விடுவாங்க, டயாலிசிஸ் தண்ணியில 0.2தான் உச்சம். 1993-ல சிகாகோவுல ஒரு ஆஸ்பத்திரியில சுத்திகரிப்புக் கலம் தீர்ந்துபோய் ஃப்ளூரைடு கலந்து மூணு பேர் இறந்தாங்க. ஒகேனக்கல் காவிரித் தண்ணி வர்ற நாள் ஒரு கதை, அது நின்னு போர்வெல் தண்ணியோ டேங்கரோ வந்தா வேற கதை: உப்பு கூடும், சாஃப்ட்னர் (தண்ணியோட கடினத்தன்மையை எடுக்கிற கலம்) சீக்கிரம் தீரும். டி.டி.எஸ். மீட்டர் கரைஞ்ச உப்பை மொத்தமாத்தான் காட்டும், ஃப்ளூரைடைத் தனியா காட்டாது, அதுக்கு லேப் சோதனைதான்.

புதுசா வந்தவங்க சீனியரோட சேர்ந்து தினமும் ஆர்.ஓ. ரூமுக்கு (தண்ணியைச் சுத்திகரிக்கிற அறை) போகணும். ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் முன்னாடி, சிஸ்டம் 15 நிமிஷம் ஓடின பிறகு, குளோரினை நீக்குற முதல் கார்பன் டேங்க்குக்குப் பின்னாடி தண்ணி பிடிச்சு மொத்த குளோரின் பார்க்கணும். லிட்டருக்கு 0.1 மி.கி.க்கு மேல போனா ரெண்டாவது டேங்க்குக்குப் பின்னாடி பார்க்கணும். அங்கேயும் மேல இருந்தா யாரையும் மெஷின்ல போடக்கூடாது. கடினத்தன்மையை வேலை முடியற நேரத்துல பாருங்க, அப்பத்தான் சாஃப்ட்னர் தாக்குப்பிடிச்சுதான்னு தெரியும். பார்க்காமலேயே ரிஜிஸ்டர்ல '0' எழுதுற பழக்கம் சீனியருக்கு இருந்தா, அதையும் அப்படியே கத்துக்குவாங்க.

இதை மனப்பாடமா பதிய வைங்க: ஒருத்தருக்கு வாந்தி வந்தா நோயாளியைப் பாரு. ஒரே நேரத்துல மூணு பேருக்கு வாந்தி, தலைவலி, பி.பி. ஏற்றம்னா தண்ணியைப் பாரு. லைன்ல ரத்தம் செர்ரி நிறமா மாறினா பம்பை நிறுத்து, லைனை கிளாம்ப் பண்ணு, அந்த ரத்தத்தைத் திருப்பி ஏத்தாதே.

பொறுப்பு_நர்ஸ்: ரொம்ப நன்றி. ஆறு நோயாளியைப் பார்த்துக்கிட்டே சீனியர் இதை எப்படிச் செய்வார்? மதியத்துக்கு மேல டாக்டரும் போன்லதான்.

பதில் 3: மூணாவது ஷிஃப்ட்

மேடம், சீனியருக்கு நோயாளியைக் குறைக்காம சொல்லிக் கொடுக்கச் சொன்னா நடக்காது. முதல் மாசம் அவருக்கு ரெண்டு மெஷின் மட்டும் போட்டு, ஒரே நேரத்துல ஒரு புதுசு. டியூட்டி லிஸ்ட்லயே ரெண்டு பேரையும் ஒண்ணா எழுதுங்க. வாய்வார்த்தையா விட்டா ஆள் லீவு போடுற அன்னிக்குக் கலைஞ்சுடும்.

நோயாளி முன்னாடி திட்டக்கூடாது. தப்பான இடத்துல ஊசி போகுதுன்னா சீனியர் கையைத் தொட்டு நிறுத்தினாப் போதும், பேச்செல்லாம் ஷிஃப்ட் முடிஞ்சு. திட்டு வாங்கின பிள்ளை அடுத்த வீக்கத்தை மறைக்கும், நீங்க மறுநாள் கருநீலமான கையைத்தான் பார்ப்பீங்க.

செக்லிஸ்ட்ல வராதது நிறைய இருக்கு. பி.பி. இறங்குறதுக்கு முன்னாடி நோயாளி கொட்டாவி விடுவார், பேச்சு குறையும், நெத்தி வேர்க்கும். அப்பவே மெஷின் உடம்புல இருந்து நீர் எடுக்கிறதை நிறுத்தி, காலை உயர்த்தி, சலைன் 100–200 மி.லி. கொடுத்தா முடிஞ்சுது. மெஷின்ல நம்பர் வர்ற வரைக்கும் காத்திருந்தா மயக்கம்தான்.

இன்னொண்ணு. கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும், சீக்கிரம் முடிங்கன்னு பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கத்துல இருந்து வர்றவங்க கேட்பாங்க. புதுசா வந்தவங்க பாவப்பட்டு 4 லிட்டர் நீரை மூணு மணி நேரத்துல எடுக்கப் பார்ப்பாங்க. உடல் எடையில ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி. மேல போகக்கூடாது. 60 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்துல 3,120 மி.லி.தான். 'முடியாது ஐயா'ன்னு மரியாதையா சொல்றதையும் சீனியர்தான் செஞ்சு காட்டணும்.

மாங்காய் சீசன்ல எடை பார்க்கிறப்பவே 'பழம் சாப்பிட்டீங்களா'ன்னு கேட்கப் பழக்குங்க. ரெண்டு மூணு நாள் இடைவெளிக்கு அப்புறம் வந்து 'கால்ல பலமே இல்லை, படி ஏற முடியலை'ன்னு சொன்னா, பழத்தால ரத்தத்துல பொட்டாசியம் ஏறினதா இருக்கலாம். வரிசையில உட்கார வைக்காம இ.சி.ஜி. எடுத்து டாக்டரைக் கூப்பிடணும்.

டாக்டர் போன்ல இருக்கிற ஷிஃப்ட்டுக்கு ஒரு அட்டை தயார் பண்ணுங்க: நோயாளி பேர், உலர் எடை (அதிகப்படி நீர் இல்லாத எடை), இன்னிக்கு எடை, பி.பி., எவ்வளவு நீர் எடுத்தாச்சு, ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மருந்து) எவ்வளவு, இப்போ என்ன தொந்தரவு. இந்த வரிசையில ஒரே மூச்சுல சொல்ல, சீனியரையே டாக்டரா நினைச்சுப் பேசிப் பழகட்டும். அதுல தடுமாறுற வரைக்கும் மதிய ஷிஃப்ட் தனியா வேண்டாம்.