வண்டின் மூடிச் சிறகுக்கு என்ன சொல்?

மேலூர் டீச்சர்:
வெள்ளிக்கிழமை கண்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பூசணிக்கொடியில் பிடித்த சிவப்பு இலைவண்டையும், அரளியில் புழுவாக எடுத்து வளர்த்த பருந்து அந்துப்பூச்சியையும் ஒப்பிட்டுப் பலகை எழுதுகிறார்கள். இரண்டுக்கும் நான்கு சிறகு. அந்துக்கு முன்சிறகும் பின்சிறகும் கொக்கி மாட்டினாற்போல் சேர்ந்து அடிக்கும், அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். வண்டுக்கு முன்சிறகு கெட்டிப்பட்டு மூடியாகிவிட்டது. பறப்பது அதனடியில் மடிந்துகிடக்கும் பின்சிறகால். அந்த மூடிக்கு என்ன எழுத? 'எலிட்ரா' பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. நாளை இரவுக்குள் சொல்லுங்கள்.

திருநகர்:
இறையனார் பாட்டுப் பிறந்த ஊரில் இருந்துகொண்டு எலிட்ராவா? அந்தக் குறுந்தொகைப் பாட்டில் வரும் 'அஞ்சிறைத் தும்பி' என்பதில் அகம்+சிறை, உள்ளே சிறகுடையது என்று பொருள் கொண்ட உரை உண்டே. உள்ளே ஒன்று என்றால் வெளியே ஒன்று இருந்தாக வேண்டும். மூடி புறச்சிறை, மற்றது அகச்சிறை. முடிந்தது.

உசிலம்பட்டி:
எங்கே முடிந்தது? அகம் என்பது இடையெழுத்துக் கெட்டு நிற்பதை நன்னூலார் செவிக்கும் கைக்கும்தான் சொன்னார். அஞ்செவி, அங்கை. சிறைக்கு யார் அனுமதி கொடுத்தது? அம் சிறை, அழகிய சிறகு, அவ்வளவுதான்.

திருநகர்:
செவிக்கு வருகிற விதி சிறைக்கு வந்தால் குறைந்தா போகும்? வெறும் அழகு என்றால் பாட்டில் நுட்பம் எங்கே ஐயா?

சோழவந்தான்:
தும்பி வண்டுதானா என்பதே தகராறு. எங்கள் பக்கம் தட்டானைத்தான் தும்பி என்பார்கள், அதற்கு மூடியே கிடையாது. அப்புறம், சிறை என்று எழுதினால் பிள்ளைகளுக்கு அரசரடி ஜெயில்தான் ஞாபகம் வரும். உறைச்சிறகு என்று போடுங்கள், தலையணைக்கு உறை போட்டவனுக்கெல்லாம் புரியும்.

மேலூர் டீச்சர்:
உறைச்சிறகு பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, அதையே எழுதச் சொல்லிவிட்டேன்.

உசிலம்பட்டி:
சரி. இலக்கணத்தில் குற்றமில்லை.

திருநகர்:
எழுதுங்கள், நான் ஒப்பவில்லை. உறை கழற்றி மாட்டுகிற சாமான், இது உடம்போடு வளர்ந்தது. அது கிடக்கட்டும், நெல்லுக் குதிரில் பறக்கிற சின்னப்பூச்சிதான் அந்து. விரற்கடைப் பருமனில் அரளி தின்று வளர்கிறதையும் அந்து என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் கேட்கவில்லையே?

சோழவந்தான்:
ஐயா, பலகைக்குப் பெயின்ட் அடித்தாயிற்றாம்.