காயலான் கடையில் கிடைத்த உயரமானியை விற்கலாமா?

கேள்வி (உச்சிப்புளி):
ராமநாதபுரத்துக் காயலான் கடை ஒன்றில் பித்தளைச் சாமான்களுக்கிடையே கிடந்த விமான உயரமானியைச் சித்தப்பா வாங்கி வந்தார். தயாரிப்பாளர் தகடும் வரிசை எண்ணும் அப்படியே இருக்கின்றன. பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவே கொண்டுபோனபோது முள்ளும் ஏறியது. பயிற்சி விமானங்களுக்குப் பாகம் விற்கும் ஒருவர் நல்ல விலை தருகிறார், சான்றிதழைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில் 1 (மண்டபம், விமானக் கருவிப் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்):
தம்பி, கொடுக்க வேண்டாம். முள் ஏறுவது அது சரியாகக் காட்டுகிறது என்பதற்குச் சான்றாகாது. உள்ளே காற்று நீக்கி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ், வெளியழுத்தம் குறையக் குறைய விரிந்து, பல்சக்கரங்கள் வழியே முள்ளைத் திருப்புகிறது. கடல்மட்டத்தை ஒட்டி ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) பிசகினால் முள் ஏறத்தாழ 27 அடி தவறிவிடும். அமெரிக்க விதியில் கடல்மட்டத்தில் அனுமதிக்கப்படும் பிழையே 20 அடிதான். நம் உப்புக்காற்றில் கிடந்த அச்சு இறுகினால் முள் ஓரிடத்தில் நின்று, பிறகு குதிக்கும். வெளியழுத்தத்தைக் குழாய் வழியே பெறும் கூடு கசிந்தாலோ காக்பிட் காற்று உள்ளே புகுந்து, அதே அழுத்தக் குழாயில் இணைந்திருக்கும் வேகமானியையும் ஏறுவேகமானியையும் சேர்த்துக் கெடுக்கும். மேகத்துக்குள் விமானி உயரத்தையும் வேகத்தையும் அறிய நம்புவது இவற்றைத்தானே?

பதில் 2 (தங்கச்சிமடம்):
ஐயா, அங்கீகாரம் பெற்ற பட்டறையில் சோதித்துத் தேறிவிட்டால்?

பதில் 1-இன் தொடர்ச்சி:
சோதனை இன்றைய பிழையை அளக்கும்; எந்த விமானத்திலிருந்து, எதற்காகக் கழற்றினார்கள், விபத்தில் அடிபட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பதைச் சொல்லாது. அதனால்தான் பாகத்தோடு அதன் வரலாறும், விமானத்தில் பொருத்தத் தகுதியானது என்று பட்டறை தரும் விடுவிப்புச் சான்றிதழும் வர வேண்டும். நம் நாட்டில் அது சி.ஏ. படிவம் 1. அந்த வியாபாரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் தாள்தான் எனக்குப் பெரிய அச்சம். 2023-இல் லண்டன் நிறுவனம் ஒன்று போலிச் சான்றிதழோடு விற்ற எஞ்சின் பாகங்களைப் பல விமான நிறுவனங்கள் தேடிக் கழற்ற நேர்ந்தது. 1989 செப்டம்பர் 8 அன்று, ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் சென்ற கான்வேர் 580 விமானம் டென்மார்க்கை ஒட்டிய கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். வால்பகுதியைப் பிணைத்த போல்ட்டுகளில் தரமற்ற போலிகள் இருந்ததை விசாரணை கண்டது.

தகட்டின் படத்தையும் வியாபாரி பேசியதையும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு எழுதி அனுப்புங்கள். அவர்கள் கேட்கும்வரை கருவியில் கை வைக்காதீர்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதானால், சிமிழைத் துளையிட்டு, தகட்டை எண் தெரியாதபடி வெட்டிய பின்னரே கொடுங்கள்.