மூட் போட்: தமிழில் என்னவென்று எழுதுவது?

ஹட்டன், வடிவமைப்பகத்திலிருந்து

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஹட்டனில் நாங்கள் நடத்திவரும் சிறிய வரைகலை வடிவமைப்பகத்தின் வேலைகளையும் அவற்றுக்கு ஊற்றாக அமைந்தவற்றையும் விளக்கும் மும்மொழிக் கையேடு ஒன்று வருகிற வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சிங்களப் பக்கங்களில் மூட் போட் என்பதை அப்படியே சிங்கள எழுத்தில் எழுதிவிட்டார்கள். தமிழில் ஆங்காங்கே காணப்படும் ‘மனநிலைப் பலகை’யை அச்சகத்தாரிடம் சொன்னபோது, இது ஆஸ்பத்திரி வேலையா என்று கேட்டார்கள். நல்ல சொல் ஒன்று வேண்டும்.

பொருள் இதுதான். ஒரு வேலையை ஏற்றதும், பென்சிலைத் தொடுவதற்கு முன்னர், அந்த வேலை எந்த உணர்வில் அமைய வேண்டும் என்பதைக் காட்டும் படங்கள், நிற மாதிரிகள், துணித்துண்டுகள், எழுத்துருக்கள் முதலியவற்றை ஓர் அட்டையில் சேர்த்து வாடிக்கையாளரின் முன் வைக்கிறோம். அது இறுதி வடிவம் அன்று. ‘இந்தப் பக்கம் போகலாம்’ அல்லது ‘இது வேண்டாம்’ என்று அவர் சொல்வதற்காக வைப்பது. வலப்பனைப் பக்கத்துச் சிறுதேயிலைத் தோட்ட உடைமையாளர் சிலருக்குத் தேயிலைப் பொதி செய்துகொடுத்தபோது, கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்ணின் படம் வேண்டாம் என்பதில் அவர்களும் நாங்களும் முதலிலேயே உடன்பட்டுவிட்டோம். அதனால், பழைய தேயிலைப் பெட்டிகளில் அச்சுத்தகடு வைத்து மை பூசிய எழுத்துகள், தொழிற்சாலைக் கூரைத் தகரத்தின் வெளுத்த பச்சை, புகையிரத நிலையங்களின் மும்மொழிப் பெயர்ப்பலகைகள், கலைஞர் ஏனா டி சில்வா மாத்தளை அலுவிகாரையில் வளர்த்தெடுத்த, மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணிகளின் நிறச் சேர்க்கை, 1979ஆம் ஆண்டு நாணயத்தாள்களில் ஓவியர் லக்கி சேனாநாயக்க வரைந்த பறவைகள் ஆகியவை அந்த அட்டையில் இடம்பெற்றன. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை மட்டும் இலங்கையில் பொதிசெய்த தூய இலங்கைத் தேயிலை என்பதற்கான அடையாளம் ஆகையால், அதை எங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. அட்டையின் மூலையில் அதற்கு இடம் விட்டுவைத்தோம்.

இந்த அட்டையை என்னவென்று எழுதுவது?

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடமிருந்து

அன்பு மகளுக்கு. நீங்கள் வேலை செய்யும் முறையைச் சொன்ன பந்தியிலேயே சொல்லும் இருக்கிறது. தொல்காப்பியர் அகத்திணையியலில் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று எட்டை அடுக்கி, ‘அவ்வகை பிறவும் கருவென மொழிப’ என்றார். ஒரு நிலத்துக்குரிய இப்பொருள்களைப் பொருத்தமாகக் கூட்டி வைத்தால் அந்நிலத்துக்குரிய உணர்வு, அதாவது உரிப்பொருள், வாய்திறந்து சொல்லாமலே கேட்பவர் நெஞ்சில் எழும். அகப்பாட்டுப் புலவன் செய்ததும் நீங்கள் கூரைத் தகரத்தையும் பெட்டியெழுத்தையும் வைத்துச் செய்ததும் ஒன்றே. ‘அவ்வகை பிறவும்’ என்பதில் தகரத்துக்கும் இடமுண்டு. ஆகவே கருப்பொருட் பலகை என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்த நாட்களில், உங்கள் சுவரொட்டியொன்றைக் கண்டி நகரில் பார்த்தேன். கொழுந்தெடுப்போர் இடுப்பில் கட்டும் படங்கும், செடிமேல் மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்பும், தப்பு என்னும் பறையும் அதில் இருந்தன. குறிஞ்சிக்குரிய தொண்டகப்பறை இருக்க வேண்டிய இடத்தில் தப்பு இருந்தது, நிலம் குறிஞ்சிதான், ஆனால் பார்த்தவுடன் எழுந்த உணர்வு பிரிவு, அது பாலைக்குரியது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும், கருப்பொருளும் பிற திணைக்குரியவற்றோடு மயங்கலாம், திணையை நிறுவுவது உரிப்பொருளே என்பதைப் பல ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குக் கற்பித்த எனக்கு, திணைமயக்கத்துக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் ஏட்டில் கிடைத்ததில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதைச் சுவரில் ஒட்டிக் காட்டினீர்கள். இத்தகைய வேலைக்குப் பெயர் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

பதுளை, மொழிபெயர்ப்பாளரிடமிருந்து

ஐயா அவர்களின் விளக்கம் படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆயினும், அலுவலக மேசையில் அமர்ந்து நாள்தோறும் சொல்லோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் ஒரு தடையைச் சொல்ல வேண்டும். ‘கருப்பொருள்’ இன்று தன் பழைய வீட்டில் இல்லை. தமிழ்நாட்டு ஏடுகளில் கதைக்கும் கருப்பொருள், மாநாட்டுக்கும் கருப்பொருள். நாம் அந்த இடத்தில் தொனிப்பொருள் என்கிறோம். சுற்றாடல் தினப் பதாகையிலிருந்து பாடசாலைக் கண்காட்சி அழைப்பிதழ் வரை ‘எனும் தொனிப்பொருளில்’ என்றுதான் அச்சாகிறது. அதைப் படித்து யாரும் அகராதியைத் தேடியதில்லை. ஒரு வேலை எதைப் பற்றியது என்பது தொனிப்பொருள். அது எந்த உணர்வில் ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டும் பலகை தொனிப்பலகை. நான் முன்மொழிவது அதுவே.

அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளோடு வளர்ந்த தலைமுறை நம்முடையது. விஞ்ஞானம், பௌதிகவியல், இரசாயனவியல், இலத்திரனியல் என்று எழுதிப் பழகிய கை இது. அறிவியல், இயற்பியல், வேதியியல், மின்னணுவியல் என்று எழுதும் தமிழ்நாட்டு நண்பர்கள் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு; சுளித்த முகத்தோடு அவர்களே ‘போர்டு மீட்டிங்’குக்குப் போகிறார்கள்.

மாத்தளை, தனித்தமிழ் அன்பரிடமிருந்து

தொனி என்பது த்வனி. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் விரித்துரைத்த கொள்கையின் பெயரைத் தோட்டத்துத் தேயிலைப் பொதியின் மேல் ஏற்றுவதற்கு என்ன தேவை வந்தது? சொல்லாமல் சொல்லும் பொருளுக்கு நம்மிடம் அதற்கு முன்பே உள்ளுறை இருந்தது, இறைச்சி இருந்தது. இறைச்சி கருப்பொருளை இடமாகக் கொண்டு பிறக்கும் குறிப்பு என்பது உரையாசிரியர் கண்ட முடிபு. அட்டையில் தகரமும் துணியும் கருப்பொருள் என்றால், அவற்றைக் கூட்டியதால் பிறக்கும் குறிப்பு இறைச்சியே. ஆகவே இலக்கணப்படி மிகப் பொருத்தமான பெயர் இறைச்சிப் பலகை. மென்மை வேண்டுவோர் உள்ளுறைப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம்.

மெய்ப்பாட்டுப் பலகை என்பதையும் எண்ணிப் பார்த்து விலக்கினேன். நகை தொடங்கி உவகை ஈறான எட்டு மெய்ப்பாடுகளும் உடம்பில் தோன்றிப் பிறரால் காணப்படுவன, அட்டைக்கு உடம்பில்லை.

பதுளை, மொழிபெயர்ப்பாளரிடமிருந்து

தூய்மை கேட்கும் நண்பர் ‘பலகை’யை மட்டும் எப்படி வாயிலைக் கடந்து உள்ளே விட்டார்? வடமொழியில் பலகம் என்று ஒரு சொல் இருக்கிறதே. மேலும், ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ வந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று தொல்காப்பியத்து எச்சவியலிலேயே வழி திறந்திருக்கிறது. த்வனி தன் வடவெழுத்தொலியைக் களைந்து, தொனியாகி, தமிழ் உடை உடுத்தி எவ்வளவோ காலமாகிறது.

மாத்தளை, தனித்தமிழ் அன்பரிடமிருந்து

பலகை நம்மிடமிருந்து வடக்கே போன சொல்லாக ஏன் இருக்கக் கூடாது? பகுத்தல், பகல், பாளம் என்று பிளவைக் குறிக்கும் சொற்கூட்டத்தோடு அதை வைத்துப் பாருங்கள். மரத்தைப் பிளந்தால் வருவது பலகை. தகுதியுடைய புலவருக்கு மட்டும் இடங்கொடுத்த சங்கப்பலகையைப் பற்றிக் கதை வழங்கும் மொழியில் பலகையை அயற்சொல் என்பது பொருந்தாது.

பதுளை, மொழிபெயர்ப்பாளரிடமிருந்து

சங்கப்பலகையைச் சான்றுக்கு அழைப்பதானால், முதலில் ‘சங்கம்’ எந்த மொழி என்பதைத் தீர்த்துக்கொண்டு பிறகு பலகைக்கு வருவோம்.

பண்டாரவளை, சித்திர ஆசிரியையிடமிருந்து

பெரியோர் இருவரும் பொறுத்தருள வேண்டும், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. சொல்லைப் பயன்படுத்தப்போகிற பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள் என்று பார்க்க, இதுவரை வந்த பெயர்களை என் உயர்தரச் சித்திர வகுப்பில் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கும் என்று கேட்டேன். இறைச்சிப் பலகையைப் பார்த்தவுடன் பின் வரிசை முழுவதும் கோழிக்கடைக்குப் போய்விட்டது. அவர்களை மீட்டுக்கொண்டுவர நேரமெடுத்தது. உள்ளுறையைச் சிலர் ‘உள்ளுரை’ என்று எழுதி, பேச்சின் உட்கருத்து என்று விளக்கமும் தந்தார்கள். றகர ரகர வேறுபாடு நம் பக்கத்துப் பேச்சில் தேய்ந்துவிட்டதால், அச்சிலும் இந்தச் சொல் பிழையாகவே பரவும் என்று அஞ்சுகிறேன். கருப்பொருட் பலகையை வேகமாகப் படித்தவர்கள் கரும்பலகை என்றே படித்தார்கள். தொனிப்பலகையைப் பார்த்த ஒரு மாணவி மட்டும், பாட்டு வகுப்புக்கு உரியதா என்று கேட்டாள். மற்றவர்கள் தொனிப்பொருளோடு சேர்த்து ஓரளவு சரியாகவே ஊகித்தார்கள்.

பிள்ளைகளாகவே சொன்னவற்றில் ஒட்டுப்பலகை என்பது ஒன்று. பொருள்களை ஒட்டுவதால் அப்படியாம். ஆனால் அது தச்சர் கடையில் விற்கும் பலகைக்கு ஏற்கெனவே உள்ள பெயர், பழைய தேயிலைப் பெட்டிகள் செய்ததும் அந்தப் பலகையில்தான். எனக்குப் பிடித்தது இன்னொரு மாணவன் சொன்ன ‘சாயல் அட்டை’. வரப்போகும் வடிவத்தின் சாயலை முன்கூட்டிக் காட்டுவது என்ற பொருள் அதில் அழகாக விழுகிறது. தொடக்கக் கடிதத்திலும் ‘அட்டை’ என்றுதான் எழுதியிருந்தீர்கள். இருந்தும் அதை நானே வலியுறுத்தத் தயங்குகிறேன். மழைக்காலத்தில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகளிடம் அட்டை என்று சொன்னால், காலைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

தூய்மை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், சொல்லைக் கேட்டவர் அதன் வேரை அறியாவிட்டாலும் பொருளில் பாதியையாவது எட்ட வேண்டும். அந்த அளவுகோலில் தொனிப்பலகை தேறுகிறது, மகிழ்ச்சியில்லாமல்தான் சொல்கிறேன்.

ஹட்டன், வடிவமைப்பகத்திலிருந்து

அனைவருக்கும் நன்றி. எங்களுக்கு இந்தச் சொல் கையேட்டுக்கு மட்டும் வேண்டியதன்று. வாடிக்கையாளரோடு மேசையின் இருபுறமும் இருந்து பேசுவதற்கும் வேண்டும். வேலை பாதியில் முறிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அட்டையில் உள்ள பறவையைப் பார்த்துவிட்டு, பொதியிலும் அதே பறவை வரும் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. ‘பறவை வராது, அந்தக் கோட்டின் மென்மை வரும்’ என்று விளக்கும்போது, பெயரே பாதி விளக்கத்தைச் செய்துவிட்டால் நல்லது. கருப்பொருட் பலகையில் எனக்கு உள்ள தயக்கமும் இதுவே. ஐயாவின் விளக்கம் எங்கள் வேலையை நாங்களே புரிந்துகொள்ள உதவியது. ஆனால் அந்தப் பெயர் அட்டையிலுள்ள பொருள்களைச் சுட்டுகிறது, நாங்களோ வாடிக்கையாளரின் கண்ணைப் பொருள்களிலிருந்து எடுத்து உணர்வின் பக்கம் திருப்பப் பாடுபடுகிறோம்.

வலப்பனை வாடிக்கையாளர்களில் மூத்தவரிடம் தொலைபேசியில் தொனிப்பலகை என்று சொல்லிப் பார்த்தேன். “தொனிப்பொருள் மாதிரியா, பிள்ளை?” என்று கேட்டவர், நான் ஆமென்றதும் நேரே விலைப் பேச்சுக்குப் போய்விட்டார். ஆகவே கையேட்டில் தொனிப்பலகை என்றே வைக்கிறோம். முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மூட் போட் எனப்படும் தொனிப்பலகை’ என்று எழுதுகிறோம். சாயல் என்ற சொல்லையும் விடவில்லை. சுவரொட்டி பற்றிய பக்கத்தில், ‘தப்பின் வட்டத்திலிருந்து எடுத்த சாயல்’ என்று ஒரு வாக்கியத்தில் அது வருகிறது.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடமிருந்து

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது, மகள். ஒரு வணிகப் பெயர் மக்களோடு பேசும் விதத்தை, பணிவாகவா உரிமையோடா வேடிக்கையாகவா என்பதை, உங்கள் துறையில் தனியாக வகுத்துக்கொடுப்பீர்கள் அல்லவா? அதற்கல்லவா தொனி என்ற சொல் இயல்பாகப் பொருந்துகிறது? உணர்வுக்கே அதைச் செலவிட்டுவிட்டால், குரலுக்கு எதை வைத்திருக்கிறீர்கள்? ஒரே கையேட்டில் இரண்டு தொனி இருந்தால் படிக்கும் மாணவன் இரண்டையும் ஒன்றென்றே கொள்வான். கருப்பொருட் பலகை என்று வைத்திருந்தால் இந்த நெருக்கடி வந்திராது என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். நான் எழுதும் குறிப்புகளில் அப்படியே எழுதுவேன்.

ஹட்டன், வடிவமைப்பகத்திலிருந்து

ஐயா சொன்னது மெய். அந்தப் பக்கத்துக்கு ‘எழுத்தின் தொனி’ என்றுதான் தலைப்பிட்டிருந்தோம். உங்கள் கடிதம் கண்டபின் ‘பேச்சுப் பாங்கு’ என்று மாற்றி அனுப்பிவிட்டோம். இனி அச்சகத்தார் திருத்தம் ஏற்கமாட்டார்கள்.

மாத்தளை, தனித்தமிழ் அன்பரிடமிருந்து

பாங்கு நல்ல தமிழ். அதில் எனக்கு மறுப்பில்லை. பேச்சுக்குத் தமிழ் கிடைத்த கையேட்டில் பலகைக்கு மட்டும் தொனி எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. மறுபதிப்பு வரும்போது உள்ளுறைப் பலகையை மீண்டும் முன்வைப்பேன். றகரத்தை அதற்குள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்குமாறு பண்டாரவளை ஆசிரியை அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.