நல்லெண்ணெய் தேய்ச்சா பிள்ளை கறுக்குமாம்ல!

தாராவி ஆச்சி:
நேத்து நம்ம மும்பைத் தமிழ்க் குழுவுல முலுண்ட் தம்பி ஒருத்தர், பிறந்து நாப்பது நாளான பிள்ளைக்கு எந்த எண்ணெய் தேய்க்கன்னு கேட்டிருந்தார். அதுக்கு செம்பூர் மாமி போட்ட பதில்: "நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், கொழந்தை கறுத்துடும்." படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. எந்தப் பிள்ளை கறுத்துச்சுன்னு கேக்கேன். 90 அடி ரோட்டுப் பக்கம் பத்துக்குப் பத்து வீட்டுல, குழாய்த் தண்ணி வார நேரம் பிடிச்சு வச்சு, நாலு பேரன் பேத்திய இந்தக் கால்ல போட்டுத் தேய்ச்சவ நான். வெந்நீருக்குள்ள கிண்ணத்த வச்சு, எண்ணெய் கைக்கு இதமாச் சுட்டதும் நெஞ்சுல இருந்து தோளுக்கு நீவுவேன். அப்புறம் வலது கையையும் இடது காலையும் மாத்திப் பிடிச்சு வயித்து மேல சேர்ப்பேன். குப்புறப் போட்டு முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் பெருவிரலால இறக்குனா பிள்ளை கொட்டாவி விடும் பாருங்க. அதுல எங்க இருந்து கறுப்பு வந்துச்சு?

செம்பூர் மாமி:
ஆச்சி, வயசுல பெரியவா, மரியாதையாவே சொல்றேன். நாங்க பாலக்காட்டுக்காரா. எங்காத்துல தேங்காய்ப்பால் பிழிஞ்சு உருளியில காய்ச்சின உருக்கெண்ணெய்தான், மூணு தலைமுறையா. அத்தனை கொழந்தையும் ரோஜாப்பூ மாதிரி இருக்கும். உங்களுக்கு ஆராய்ச்சி வேணும்னா, சயான்ல இருக்கற பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரியிலயே பண்ணி 2005-ல வெளியிட்டிருக்கா. தேங்காயெண்ணெய் தேய்ச்ச கொறைமாசக் கொழந்தைகளுக்கு எடை நன்னா ஏறித்து. தாராவியிலேர்ந்து நடந்தே போற தூரம்தானே, போய்க் கேட்டுப் பாருங்கோ.

டோம்பிவிலி குமார்:
எடை ஏறினது சரி மாமி. கறுப்பு எங்கே?

தாராவி ஆச்சி:
அதைக் கேளுங்க தம்பி! என் பெரிய பேரன் அந்த ஆராய்ச்சிய எடுத்துப் படிச்சுச் சொன்னான். தேங்காயெண்ணெய்க்கு எதிர நின்னது பெட்ரோலியத்துல இருந்து எடுக்குற மினரல் ஆயிலும் பவுடரும். நல்லெண்ணெய மைதானத்துக்குள்ளேயே விடல. ஆள் இல்லாத ஓட்டத்துல முதலா வந்துட்டு மெடல் காட்டுதீய. டெல்லியில 125 பிள்ளைகள வச்சுப் பார்த்து 2000-ல வெளியிட்டாவ. ஆறு வாரப் பிள்ளைக, நாலு வாரம் தேய்ச்சிருக்காவ. கடுகெண்ணெய், மூலிகை எண்ணெய், மினரல் ஆயில் எல்லாம் இருந்துச்சு. நல்லெண்ணெய் தேய்ச்ச பிள்ளைகதான் நல்லா நீளம் கூடுச்சு, கால் ரத்த ஓட்டமும் கூடுச்சு. ஒண்ணாவது கறுத்துச்சுன்னு எழுதியிருக்கா?

செம்பூர் மாமி:
அதுல தேங்காயெண்ணெய் இருந்துதா?

தாராவி ஆச்சி:
இல்ல. இருந்திருந்தா தோத்திருக்கும்.

டோம்பிவிலி குமார்:
ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க. 1986-ல வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒண்ணுல, மயாமியில குறைமாசக் குழந்தைகளை ஒரு நாளைக்கு மூணு தடவை, 15 நிமிஷம், பத்து நாள் நீவி விட்டாங்க. நீவி விடாத குழந்தைகளை விட எடை 47 சதவீதம் கூடுதலா ஏறுச்சு. எண்ணெயே கிடையாது, வெறும் கை!

தாராவி ஆச்சி:
வெறும் கையோட வந்தவர் வெறும் கையோட போகட்டும். மாமி, கறுப்புக்குப் பதில் வரல.

ஐரோலி நர்ஸ்:
நான் பச்சைக்குழந்தை வார்டுல வேலை பார்த்தவள். நிறம் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது, எந்த எண்ணெயும் கூட்டாது குறைக்காது. பிறந்தப்போ வெளுப்பாத் தெரியும், சில மாசத்துல தன் நிறத்துக்கு வந்துடும். அந்தச் சமயத்துல எது தேய்ச்சாலும் பழி அதுமேல. நிறத்தை விடுங்க. மூக்குலயும் காதுலயும் யாரும் எண்ணெய் விடாதீங்க. பால் குடிச்ச உடனே தேய்க்காதீங்க.

முலுண்ட் அப்பா:
ஐயோ! எங்க வீட்டுக்கு எண்ணெய் தேய்க்க வர்ற மாலிஷ் பாயி அம்மா தினமும் மூக்குல ரெண்டு சொட்டு விட்டு ஊதிவிடுறாங்களே!

ஐரோலி நர்ஸ்:
நாளைக்கே நிறுத்துங்க. எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கினா நிமோனியா வரும். மூச்சு வாங்கி வந்த குழந்தையை நான் தூக்கியிருக்கேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.

செம்பூர் மாமி:
என் மாமியார் எங்காத்துக்காரருக்கு மூக்குல விட்டுத்தான் வளர்த்தா. அவருக்கு இப்போ 71.

ஐரோலி நர்ஸ்:
ஹெல்மெட் இல்லாம பிழைச்சவங்களும் இருக்காங்க மாமி.

செம்பூர் மாமி:
உங்களுக்குக் கொழந்தை உண்டோ?

ஐரோலி நர்ஸ்:
ரெண்டு. சான்றிதழ் அனுப்பட்டுமா?

டோம்பிவிலி குமார்:
அதிருக்கட்டும், முலுண்ட்ல பாயிக்கு எவ்வளவு குடுக்கறீங்க?

முலுண்ட் அப்பா:
மாசம் ஆறாயிரம். சேலை தனி.

டோம்பிவிலி குமார்:
ஆறாயிரமா! உங்களை மாதிரி ஆளுங்கதான் ரேட்டை ஏத்தி விடறது. எங்க பக்கம் நாலாயிரத்துக்கு வந்து அம்மாவுக்கும் சேர்த்துத் தேய்ச்சிட்டுப் போறாங்க.

முலுண்ட் அப்பா:
அப்போ உங்க பாயியை லோக்கல் ரயில்ல ஏத்தி முலுண்டுக்கு அனுப்புங்க, காலை எட்டு மணிக் கூட்டத்துல.

தாராவி ஆச்சி:
கூலியப் பத்திப் பேசி மாமியத் தப்ப விடாதீய. கறுத்த பிள்ளை ஒண்ணக் காட்டச் சொல்லுங்க.

செம்பூர் மாமி:
நான் கறுக்கும்னு சொன்னது நிறம் இல்லை. நல்லெண்ணெய் பிசுக்கு, சரியா அலம்பலேன்னா கழுத்து மடிப்புல அழுக்கு கறுப்பா நிக்கும். அதைத்தான் சொன்னேன்.

தாராவி ஆச்சி:
ஓஹோ! நேத்து பிள்ளை கறுத்துச்சு, இன்னைக்குக் கழுத்து மட்டும் கறுக்கு, நாளைக்குத் துண்டு கறுக்கும்பீய. பயத்தமாவு போட்டுக் கழுத்த நிமித்தித் தேய்ச்சா மடிப்புல என்ன நிக்கும்? உங்க உருக்கெண்ணெய் மட்டும் தானா ஓடிருமோ? போன மாசம் சாம்பாருக்கு வெல்லம் போடலேன்னா சாம்பாரே இல்லன்னும் நீங்கதான் எழுதுனீய. அன்னைக்கே பேசியிருக்கணும். பிள்ளைய ரோஜாப்பூன்னீய, அதுதான் எனக்கு உறுத்துது. எங்க பிள்ளைக மாநிறந்தான். அதுல ஒருத்தி இப்ப பரேல்ல டாக்டருக்குப் படிக்கா.

செம்பூர் மாமி:
நான் யார் நிறத்தையும் சொல்லலை! நீங்களா எடுத்துப் போட்டுண்டா நான் என்ன பண்ணறது. இனிமே இந்தப் பக்கமே வரலை.

ஐரோலி நர்ஸ்:
மூக்கு விஷயம் எல்லாருக்கும் புரிஞ்சுதா?

செம்பூர் மாமி:
ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். சாம்பாருக்கு வெல்லம் போடலாம்னுதான் சொன்னேன், போடணும்னு இல்லை.

தாராவி ஆச்சி:
போடணும்னுதான் இருக்கு. பேரன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கான்.

முலுண்ட் அப்பா:
ஆச்சி, குழந்தை எழுந்துடுச்சு. பாயியை வேண்டாம்னு சொல்லிட்டேன், நானே தேய்க்கப்போறேன். கிண்ணத்துல எதை ஊத்தட்டும்?

தாராவி ஆச்சி:
பொறுங்க தம்பி. முதல்ல மாமி பதில் சொல்லட்டும்.