ஒரே இயந்திரத்தில் பல அப்பாச்சி: இன்ஸ்ரன்ஸுக்கு என்ன சொல்?

(பேசுபவர்கள் அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

வெள்ளவத்தை (திங்கள் காலை):

வணக்கம். தமிழ்மொழி மூல வகுப்புக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்தாம் பாடம், இணையத்தளங்களை வழங்கும் நிரலான அப்பாச்சியின் இரண்டு மூன்று இன்ஸ்ரன்ஸை ஒரே கணினியில் ஓட்டுவது. ஒரே நிரல் தனித்தனி அமைவோடு ஓடும்போது அதில் ஒவ்வொன்றும் ஓர் இன்ஸ்ரன்ஸ். அந்த ஒரு சொல்லில்தான் முட்டுப்பட்டு நிற்கிறோம். 'நிகழ்வு' ஏற்கெனவே ஈவென்றுக்குப் போய்விட்டது. 'உதாரணம்' என்று எழுதினால் மாணவர் உதாரணத்தைத் தேடுவார்கள். சேவையகம் (சேர்வர்), துறை இலக்கம் (போர்ட் நம்பர், சேவையகத்துக்குச் செய்தி நுழையும் வாசலின் எண்) இரண்டும் முடிந்த விடயம். தயவுசெய்து அவற்றைக் கிளற வேண்டாம்.

கொட்டாஞ்சேனை:

'படி' போதும். மூலப்படி, கையெழுத்துப்படி என்று ஏட்டுக் காலத்திலிருந்து புழங்குகிற சொல். "மூன்று படி அப்பாச்சி ஓடுகிறது." யாருக்கும் விளங்கும்.

கிளற வேண்டாம் என்றாலும் ஒன்று: "80ஆம் துறை" என்றால் எண்பதாவது திணைக்களம் போலிருக்கிறது.

தெகிவளை:

ஐயா, மூன்று படி என்றால் அரிசி அளக்கிற மாதிரி இருக்கிறது. அது போகட்டும். படி என்றதும் பிள்ளைகள் அப்பாச்சியையே மூன்று தடவை நிறுவப் பார்ப்பார்கள். இங்கே படியெடுப்பது அமைவுக் கோப்புகளை மட்டும், நிரல் ஒன்றேதான்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அப்பாச்சியோடு வரும் உதாரண அடைவுக்குள் 'செற்அப்-இன்ஸ்ரன்ஸ்' என்றொரு ஸ்கிரிப்ற் கிடக்கிறது. புது இன்ஸ்ரன்ஸுக்கு 'லாப்' என்று பெயர் கொடுத்து அதை ஓட்டினால், அமைவுக் கோப்புகள் இருக்கும் 'எற்சி' அடைவுக்குள் 'அப்பாச்சி2-லாப்' என்று புது அடைவு வரும். பதிவுக் கோப்புகளுக்கும், ஓடும் நிரலின் அடையாள எண்ணை வைத்திருக்கும் பிஐடி கோப்புக்கும் தனித்தனி இடம். அமைவு அப்படியே படியாவதால் 'போர்ட்ஸ்.கொன்ஃப்' கோப்பில், எந்தத் துறையில் காது கொடுப்பது என்று சொல்லும் வரி லிசின் 80 என்றே இருக்கும். அதை 8081 ஆக்காமல் தொடக்கினால் பிழை 98: அந்த முகவரி ஏற்கெனவே பாவனையில் உள்ளது. லிசினை மாற்றிவிட்டுத் தளக் கோப்பின் வேர்ச்சுவல்ஹோஸ்ற் (ஒரே சேவையகத்தில் பல தளங்களை வைக்கும் முறை) வரியில் 80ஐ விட்டுவிட்டால் இன்னும் கரைச்சல். சேவையகம் எழும்பும், பிழை காட்டாது, தளம் மட்டும் வராது. 1024க்குக் கீழே துறை கேட்டால் றூற் (கணினி நிருவாகி) உரிமை வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

வேர்ச்சுவல்ஹோஸ்ற் வேறு, இது வேறு என்பதும் சொல்லிலேயே தெரிய வேண்டும். அது ஒரு வீட்டு வாசலில் நாலு பெயர்ப்பலகை. இது தொடர்மாடி: காணி ஒன்று, ஆனால் வீட்டுக்கு வீடு வேறு கதவு, வேறு குசினி. ஒரு வீட்டில் கறி தீய்ந்தால் மற்றது சமைத்துக்கொண்டிருக்கும்.

பம்பலப்பிட்டி:

'உரு' என்ற சொல்லை யாரும் நினைக்கவில்லையே! மந்திரம் ஒன்று, 108 உரு ஜெபிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அதே மந்திரம், ஆனால் தனி உரு. அப்பாச்சி மந்திரம், இன்ஸ்ரன்ஸ் உரு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? உருப்போடுதலும் இதிலிருந்துதான். சலவைக்குப் போடும்போது "பத்து உருப்படி" என்று எண்ணுகிறோமே, அதுவும் இதே வேர். உருவம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது: கண்ணுக்குத் தெரியாத நிரல் உருக்கொண்டு நிற்பதுதானே இது! உருத்தல் என்றால் தோன்றுதல். உருத்திராக்கத்தையும் இங்கே கொண்டுவர ஆசைதான், ஆனால் அது வடமொழி, விட்டுவிடுகிறேன்.

தெகிவளை:

நல்லகாலம் விட்டீர்கள். கோயிலில் உரு வந்து ஆடுவதைத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

பம்பலப்பிட்டி:

நினைக்கட்டும். ஒரே தெய்வம், ஒரே நேரத்தில் மூன்று பேரில் உரு. அதுவும் இன்ஸ்ரன்ஸ்தான்.

கொட்டாஞ்சேனை:

'இயக்கம்' என்று வைத்தால் என்ன?

வெள்ளவத்தை:

இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஏறிக் கிடக்கிறது. "உங்கள் இயந்திரத்தில் எத்தனை இயக்கங்கள் உள்ளன?" என்று வினாத்தாளில் கேட்க எனக்குத் துணிவில்லை.

மட்டக்குளி:

எல்லோரும் இன்ஸ்ரன்ஸ் என்றுதானே பேசுகிறோம்? அப்படியே எழுதினால் என்ன? பஸ், வங்கி, கந்தோர் எல்லாம் தமிழில் குடியேறவில்லையா? வடசொல்லையே எழுத்தை மாற்றி உள்ளே விட்ட இலக்கணம் நம்முடையது.

கொட்டாஞ்சேனை:

அது கடைசி வாசல், தம்பி. முதல் வாசலையே தட்டாமல் அங்கே போகக்கூடாது. மானிப்பாயில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீன் அமெரிக்கர். 19ஆம் நூற்றாண்டில் அவர் மினக்கெட்டதில் பாதியாவது நாம் மினக்கெட வேண்டாமா?

தெகிவளை:

'இயங்குரு' எப்படி? இயங்கு, உரு. வினைத்தொகை.

வெள்ளவத்தை:

நிறுத்தி வைத்த இன்ஸ்ரன்ஸ்? அது இயங்கவில்லையே.

பம்பலப்பிட்டி:

அதற்குத்தானே வினைத்தொகை! ஊறுகாயைப் போல மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. நேற்று இயங்கியதும் இயங்குரு, நாளை இயங்கப்போவதும் இயங்குரு. 'உரு' தனியாக நின்றால் இன்னும் அழகு. இருந்தாலும் சம்மதம்.

மட்டக்குளி:

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'இயங்குறு' என்றுதான் காதில் விழுகிறது. வகுப்பில் பாதிப்பேர் றகரம் போட்டு எழுதுவார்கள்.

சொல்லைவிட அவசரமான ஒன்று. அடுத்த பாடம் ரொம்காற் (ஜாவா நிரல்களுக்கான சேவையகம்) என்றால், அதன் அடைவுகளைச் சுட்டும் கேட்டலினா ஹோம், கேட்டலினா பேஸ் இரண்டுக்கும் இப்போதே பெயர் வையுங்கள். ஹோம் நிரல் இருக்கும் இடம், எல்லாருக்கும் பொது. பேஸ் ஒவ்வொரு இன்ஸ்ரன்ஸின் சொந்த இடம்: கொன்ஃப், லொக்ஸ், வெப்அப்ஸ், வேர்க், ரெம்ப். நிறுத்தும்போது பேஸைக் குறிப்பிட மறந்தால், ஹோமில் உள்ள அமைவைப் பார்த்து, நிறுத்தும் கட்டளைக்கான துறையான 8005க்கு நிறுத்து என்று செய்தி போகும். ஓடிக்கொண்டிருக்கும் வேறொன்று படுத்துவிடும்.

தெகிவளை:

ஹோம் 'பொதுமனை', பேஸ் 'தன்மனை'?

கொட்டாஞ்சேனை:

தன்மனை என்றால் மனைவி என்றும் படிக்கலாம்.

வெள்ளவத்தை (வியாழன் இரவு):

நேரமில்லை. இயங்குருவுக்கு நாலு பேர் சம்மதம், அதில் இரண்டு பேர் அரைமனதோடு. முதல் தடவை வரும் இடத்தில் "இயங்குரு, அதாவது இன்ஸ்ரன்ஸ்" என்று போட்டு அனுப்புகிறேன். ஹோமும் பேஸும் இப்போதைக்கு ஹோமும் பேஸுமாகவே இருக்கும்.

மட்டக்குளி:

நான் வகுப்பில் இன்ஸ்ரன்ஸ் என்றுதான் சொல்வேன். ரொம்காற் துறை அட்டவணையில் 8080, 8009 இரண்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள், 8005ஐக் காணோம். அச்சுக்கு முன் சேர்த்துவிடுங்கள்.